ஜாப் ஒர்க்கில் இருக்கும் நூலும் துணியும் பிளானிங்கில் பொருந்தவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆர்டருக்கு வாங்கிய நூல், பெட்டியில் ஆடையாக ஏறும்வரை பெரும்பாலான நாட்கள் வாங்கியவரின் கட்டடத்தில் இருப்பதில்லை. நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொரு ஜாப் ஒர்க்கரிடமும் (கூலிக்கு வேலை செய்து தரும் வெளி யூனிட்) சில நாட்கள் தங்குகிறது. சரக்கு உங்களுடையது, அது எங்கே எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவல் மட்டும் அவர்களிடம் இருக்கிறது. அந்தத் தகவல் திட்டமிடல் மென்பொருளுக்கு (பிளானிங்) பிழையாக வந்தால், இருக்கும் நூலை மறுபடி வாங்குவீர்கள், அல்லது இல்லாத துணியை நம்பிக் கப்பல் தேதி கொடுத்துவிடுவீர்கள்.

கீழே உள்ள உதாரணங்கள் நிட்டிங், டையிங் சார்ந்தவை. பதிவு எண்களைச் சொல்லும் இடங்களில் எஸ்.ஏ.பி. எண்களைக் கொடுத்திருக்கிறோம். டேலி வைத்திருப்பவர்கள் ‘மெட்டீரியல் அவுட்’, ‘மெட்டீரியல் இன்’ வவுச்சர்களை அந்த இடத்தில் வைத்துப் படிக்கலாம்.

முதலில் ஒரே ஒரு லாட்டை எடுங்கள்

மொத்த இருப்பை ஒப்பிட்டுப் பார்த்து எந்தப் பிழையும் பிடிபடாது. தகராறு உள்ள லாட்டில் (சேர்ந்து வந்த ஒரு தொகுதிச் சரக்கு) ஒன்றை எடுத்து, ஜாப் ஒர்க்கர் பக்கத்திலிருந்து இந்தக் கணக்கைப் போடுங்கள்:

முந்தைய இருப்பு + வந்த டி.சி.க்கள் (டெலிவரி சலான், சரக்கோடு போகும் சீட்டு) − அனுப்பிய துணிக்கு ஆன நூல் − திருப்பிக் கொடுத்த நூல் − கழிவு = இன்றைய இருப்பு

இதை அருகருகே மூன்று பத்தியாக (நெடுவரிசையாக) எழுதுங்கள். ஒன்று உங்கள் ஈ.ஆர்.பி. (எஸ்.ஏ.பி., டேலி போன்ற கணக்கு, இருப்பு மென்பொருள்), இரண்டாவது திட்டமிடல் மென்பொருள், மூன்றாவது ஜாப் ஒர்க்கரின் நோட்டு. எந்த வரியில் முதல் வேறுபாடு வருகிறது என்று பாருங்கள்.

ஈ.ஆர்.பி.யும் பிளானிங்கும் வேறுபட்டால் கோளாறு இரண்டுக்கும் இடையே தகவல் ஏறும் வழியில் இருக்கிறது. அவை இரண்டும் ஒத்துப்போய் நோட்டு மட்டும் வேறுபட்டால் பதிவு தாமதமாகிறது அல்லது கழிவு விகிதம் தவறு. மூன்றும் ஒத்துப்போயும் ஆர்டருக்குத் துணி பற்றவில்லை என்றால் அலகு, லாட், ஒதுக்கீடு ஆகியவற்றைப் பாருங்கள்.

ஜாப் ஒர்க்கரிடம் ‘எவ்வளவு இருக்கிறது’ என்று மட்டும் கேட்டால் இந்தக் கணக்கின் கடைசி எண் மட்டுமே கிடைக்கும். அது தவறாக இருந்தால் ஏன் தவறு என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. வரவையும் செலவையும் டி.சி. எண்ணோடு கேளுங்கள். இருப்பு எண்ணைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பிளானிங்கில் இருப்பு உண்மையைவிடக் கூடுதலாக, சில லாட்டில் சரியாக இரு மடங்காகத் தெரிகிறது

இரு மடங்கு என்றால் ஒரே நூலை இரண்டு வழியாக ஏற்றுகிறீர்கள். நூலை நிட்டிங்குக்கு அனுப்பி 541 (ஜாப் ஒர்க்கருக்கு அனுப்பும் பதிவு) போட்டதும் அது ஜாப் ஒர்க்கரிடம் உள்ள சிறப்பு இருப்பாக, ‘ஓ’ குறியோடு, உங்கள் ஈ.ஆர்.பி.யிலேயே இருக்கிறது. அது தினமும் பிளானிங்குக்குப் போகிறது. இதற்கு மேல் ஜாப் ஒர்க்கர் அனுப்பும் கோப்பையும் தனி இடத்தின் இருப்பாக ஏற்றினால் கூட்டல் நடக்கத்தான் செய்யும். ஜாப் ஒர்க்கரின் கோப்பை நேரடி இருப்பாக ஏற்ற வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஈ.ஆர்.பி. இருப்பை மட்டும் ஏற்றுங்கள். கோப்பை ஒப்பீட்டு அட்டவணையில் வைத்து, வேறுபாடு வந்தால் ஈ.ஆர்.பி.யில் பதிவைத் திருத்துங்கள். கோப்பை நேரடியாக ஏற்றினால் இன்று பிளானிங் சரியாகத் தெரியும், ஈ.ஆர்.பி.யில் உள்ள பிழை அப்படியே நிற்கும், மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு அதில் மாட்டிக்கொள்ளும்.

இரு மடங்கு இல்லாமல் 300 கிலோ, 500 கிலோ என்று ஏதோ ஒரு டி.சி. அளவுக்குக் கூடுதலாக இருந்தால் நேரத்தைப் பாருங்கள். நிட்டிங் யூனிட்டில் ஷிஃப்ட் காலை 8 மணிக்கு மாறுகிறது, இருப்பும் அப்போதுதான் எடுக்கப்படுகிறது. கோப்பு உங்களுக்கு வருவது 11 மணிக்கு. இடைப்பட்ட 3 மணி நேரத்தில் ஒரு வண்டி துணியோடு கிளம்பியிருந்தால், அந்தத் துணியின் நூல் அவர் கோப்பில் நூலாகவும் உங்கள் ஈ.ஆர்.பி.யில் துணியாகவும் நிற்கும்.

கோப்பின் மேல் தேதியும் நேரமும் போடச் சொன்னால் மட்டும் இது தீராது. அனுப்பிய நேரத்தைப் போடுகிறார்களா, எண்ணிய நேரத்தைப் போடுகிறார்களா என்பதில் குழப்பம் வரும். அதைவிட உறுதியான அடையாளம் டி.சி. எண். கோப்பின் ஒவ்வொரு வரியிலும் இவை இருக்கட்டும்:

ஜாப் ஒர்க்கர் குறியீடு, பொருள் குறியீடு, லாட் எண், நிலை (மூட்டையில், மெஷினில், சாயம் போடாத கிரே துணியாக), அளவு, அலகு, எண்ணிய நேரம், கடைசியாக வரவு வைத்த உங்கள் டி.சி. எண், கடைசியாக அனுப்பிய அவர் டி.சி. எண்.

கடைசி இரண்டு பத்திகள் இருந்தால் எந்த வண்டிவரை கணக்கில் வந்திருக்கிறது என்பதில் சந்தேகமே வராது. கோப்பு சொல்லும் டி.சி. 418, உங்கள் பதிவில் கடைசி டி.சி. 420 என்றால் 419, 420 இரண்டையும் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். வேறு எதையும் செய்ய நேரமில்லை என்றாலும் இந்த இரண்டு பத்திகளை மட்டும் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: ஈ.ஆர்.பி.யில் நூல் இருக்கிறது, நிட்டிங்காரர் ‘நூல் தீர்ந்து இரண்டு நாளாச்சு’ என்கிறார்

இதில் பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மை. சப்கான்ட்ராக்டிங் ஆர்டரில் (ஜாப் ஒர்க்குக்குப் போடும் ஆர்டர்) நூல் செலவானதாகக் கணக்கில் பதிவது, அதிலிருந்து வந்த துணியை நீங்கள் வரவு வைக்கும்போதுதான். 101 (வரவுப் பதிவு) போடும் அதே நொடியில் 543 (நூல் செலவுப் பதிவு) தானாக விழுகிறது. மெஷினில் நூல் துணியாக மாறிய நேரத்துக்கும் 101 போட்ட நேரத்துக்கும் இடையில் எத்தனை நாள் ஆகிறதோ, அத்தனை நாளும் ஈ.ஆர்.பி. அதை நூல் என்றே சொல்லும்.

சரிபார்க்கும் வரிசை:

1. எம்.இ.2.ஓ திரையில் அந்த ஜாப் ஒர்க்கரிடம் இருக்கும் நூலைப் பாருங்கள். தகராறு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. அவருடைய டி.சி. புத்தகத்தில் கடைசியாக அனுப்பிய 5 டி.சி.க்களைக் கேளுங்கள். புகைப்படம் போதும்.
3. ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் 101 பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத டி.சி.க்களின் எடையைக் கூட்டி, ஒரு கிலோ துணிக்கு ஆகும் நூலால் பெருக்குங்கள். தகராறு அளவு அதற்குள் அடங்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது. பதிவைப் போட்டுவிடுங்கள்.
4. அடங்காவிட்டால் இன்னும் அனுப்பாமல் அவரிடம் ரோலாகக் கிடக்கும் கிரே துணியைக் கேளுங்கள்.
5. அதன் பிறகும் 100, 150 கிலோ இடித்தால் மெஷினைப் பாருங்கள்.

ஐந்தாவது படியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 30 அங்குல விட்டமுள்ள சிங்கிள் ஜெர்சி மெஷினில், அங்குலத்துக்கு 3 ஃபீடர் (நூல் ஊட்டும் முனை) என்ற கணக்கில் 90 ஃபீடர் இருக்கும். ஃபீடருக்கு ஒரு கோன் வீதம் க்ரீலில் (கோன்களை மாட்டும் சட்டகம்) 90 கோன் நிற்கிறது. கோன் ஒன்று 2 கிலோ என்று வைத்தால் முழுதாக ஏற்றியதும் 180 கிலோ, பாதி ஓடிய நிலையில் 90 கிலோ. இந்த நூல் மூட்டைக் கணக்கிலும் வராது, துணிக் கணக்கிலும் வராது. உங்கள் லாட் 3 மெஷினில் ஓடுகிறது என்றால் பாதி நிலையில் 270 கிலோ நூல் எண்ணப்படாமல் நிற்கிறது. கோப்பில் ‘மெஷினில்’ என்று தனி நிலை கேட்பது இதற்காகத்தான். மெஷின் எண்ணிக்கையைச் சொன்னால் போதும், கோனை இறக்கி எடை போடச் சொல்லாதீர்கள். அதற்காக மெஷினை நிறுத்தினால் அவருக்கு நஷ்டம்.

நிட்டிங்கிலிருந்து துணி நேராகச் சாயப்பட்டறைக்குப் போகும் வழக்கம் இந்தப் பிழையை இன்னும் பெரிதாக்குகிறது. துணி உங்கள் வாசலுக்கு வராததால் வரவு வைக்க வேண்டும் என்ற நினைவே யாருக்கும் வருவதில்லை. சாயப்பட்டறைக்காரர் சாயம் போட்ட துணியை அனுப்பியதும் நீங்கள் 101 போடப் போகிறீர்கள். அவரிடம் கிரே துணி இருப்பதாகவே ஈ.ஆர்.பி.யில் இல்லை. இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போக (நெகட்டிவ்) அனுமதி இருந்தால் சாயப்பட்டறையில் −800 கிலோ, நிட்டிங்கில் +812 கிலோ நூல் என்று நிற்கும். அனுமதி இல்லையென்றால் பதிவே நின்றுவிடும். அவசரத்தில் யாராவது ஒரு கணக்குச் சரிக்கட்டல் போட்டுக் கடந்துவிடுவார்கள். அதைத் தேடிப் பிடிக்க ஒரு மாதம் ஆகும்.

இதற்கு எஸ்.ஏ.பி.யில் நல்ல வழி ஒன்று இருக்கிறது. நிட்டிங் ஆர்டரின் டெலிவரி முகவரிப் பகுதியில் சாயப்பட்டறையின் வெண்டார் குறியீட்டைக் கொடுத்து, அதன் அருகில் உள்ள ‘எஸ்.சி. வெண்டார்’ கட்டத்தில் குறியிடுங்கள். பிறகு நிட்டிங் டி.சி.யை வரவு வைத்ததும் துணி உங்கள் கிடங்குக்கு வராமல் நேராகச் சாயப்பட்டறையின் சிறப்பு இருப்பில் போய் உட்காரும். தனியாக 541 போட வேண்டாம். ஸ்பின்னிங் மில்லிலிருந்து நிட்டிங்குக்கு நேராகப் போகும் நூலுக்கும் இதே வழிதான்.

பதிவைத் தூண்டுவது யார் என்பதையும் முடிவு செய்யுங்கள். நிட்டிங்காரர் அனுப்பியதும் பதிவதா, சாயப்பட்டறைக்காரர் எடை போட்டு வாங்கியதும் பதிவதா? வாங்கியவரின் எடையில் பதிவதே நல்லது. இடையில் வரும் நேரத்தைப் பயணச் சரக்காகத் தனியே காட்டுங்கள். நிட்டிங் திருப்பூரிலும் சாயம் பெருந்துறை சிப்காட்டிலும் என்றால் ஒரு இரவு வண்டியிலேயே கழிவது சகஜம்.

அறிகுறி: முடிந்துபோன லாட்டிலும் பத்து, இருபது கிலோ ஒட்டிக்கொண்டே நிற்கிறது

தனித்தனியாகப் பார்த்தால் சின்ன எண்ணாகத் தெரியும். கூட்டிப் பார்த்தால்தான் கனம் புரியும்.

ஒரு கணக்கு. 1,000 கிலோ கிரே துணிக்கு ஆர்டர். பி.ஓ.எம்.மில் (ஒரு பொருளுக்கு எவ்வளவு மூலப்பொருள் ஆகும் என்ற பட்டியல்) ஒரு கிலோ துணிக்கு 1.015 கிலோ நூல். அனுப்பியது 1,015 கிலோ. வந்த துணி 985 கிலோ. ஈ.ஆர்.பி. செலவு எழுதுவது 985 × 1.015 = 999.775 கிலோ. மீதம் 15.225 கிலோ நிட்டிங்காரரிடம் இருப்பதாக ஈ.ஆர்.பி. சொல்கிறது. அங்கே ஒரு கோன்கூட இல்லை. உண்மையில் 30 கிலோ கழிவு, அனுப்பிய நூலில் 2.96 சதவீதம். இதுபோல 40 லாட் சேர்ந்தால் 609 கிலோ இல்லாத நூல். பிளானிங் அதை நம்பி அடுத்த ஆர்டருக்கு அத்தனை கிலோ குறைத்து வாங்கச் சொல்லும்.

மூன்று இடங்களில் திருத்தலாம், மூன்றும் வேறு வேறு நேரத்துக்கு உரியவை. துணியை வரவு வைக்கும் நேரத்திலேயே உண்மைக் கழிவு தெரிந்தால் மிகோ (சரக்கு வரவு) திரையில் 543 வரியின் அளவை மாற்றிவிடுங்கள். வரவு வைத்த பிறகு தெரிந்தால் மிகோவில் ‘சப்சிகுவென்ட் அட்ஜஸ்ட்மென்ட்’ போடுங்கள், அதன் அசைவு எண் 121. கூடுதல் செலவு அந்த ஆர்டரோடு சேர்ந்தே பதிவாகும். ஒரே வகைத் துணியில், ஒரே யூனிட்டில் லாட்டுக்கு லாட் ஒரே பக்கமாக வேறுபாடு வந்தால் பி.ஓ.எம்.மின் விகிதமே தவறு. அங்கே போய்த் திருத்துங்கள். சேர்ந்துபோன மீதத்தை வருடக் கடைசியில் ஒரே சரிக்கட்டலில் அழிப்பது மோசமான பழக்கம். எந்த யூனிட்டில், எந்தத் துணியில் நூல் கழிகிறது என்ற தகவலையும் அதோடு அழித்துவிடுகிறீர்கள்.

கழிவு என்று முடிவு கட்டும் முன் ஈரத்தை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். பருத்தியின் நிர்ணயிக்கப்பட்ட ஈரப்பதம், முற்றாக உலர்ந்த எடையில் 8.5 சதவீதம். உலர்ந்த எடை 1,000 கிலோ என்றால் வணிக எடை 1,085 கிலோ. காற்று வறண்ட நாளில் அது 7.5 சதவீதமாக இறங்கினால் எடை 1,075 கிலோ. ஒரு இழைகூடக் குறையாமல் 0.92 சதவீதம் காணாமல் போய்விட்டது. மேலே சொன்ன 1,015 கிலோ லாட்டில் இது 9 கிலோவுக்கு மேல். மில் எடையில் அனுப்பி, சித்திரை வெயிலில் எடை போட்டு வாங்கி, வித்தியாசத்துக்கு நிட்டிங்காரருக்கு டெபிட் நோட் (பிடித்தச் சீட்டு) போடுவது நியாயமில்லை. நூல் இறங்கும்போது அவர் தராசிலும் ஒரு முறை எடை போட்டு டி.சி.யில் குறிக்கச் சொல்லுங்கள். ஒரே தராசில் வரவும் செலவும் இருந்தால் தகராறில் பாதி அங்கேயே தீரும்.

சாயத்தில் கழிவு விகிதம் நிறத்தையும் துணியையும் பொறுத்து மாறும். எல்லா நிறத்துக்கும் ஒரே சதவீதம் வைத்திருந்தால் வெள்ளையில் ஒரு பக்கமும் அடர் நிறத்தில் மறு பக்கமும் மீதம் ஒட்டும். நிறக் குழுவுக்கு ஒரு விகிதம் என்று பிரித்து வையுங்கள்.

அறிகுறி: ஒரு காலையில் ஒரு யூனிட்டின் இருப்பு முழுவதும் காணாமல் போகிறது, அல்லது ஆறு மாதத்துக்கு முன் முடிந்த லாட் இன்னும் உயிரோடு நிற்கிறது

இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள்: கோப்பில் வராத லாட்டுக்கு என்ன பொருள்? ‘வராதது பூஜ்யம்’ என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால், கோப்பு பாதியில் அறுந்த நாளில் மீதி லாட் எல்லாம் அழியும். ‘வராதது மாற்றமில்லை’ என்று எடுத்துக்கொண்டால் முடிந்த லாட் என்றைக்கும் போகாது.

பூஜ்யத்தை எழுதச் சொல்லுங்கள். லாட் முடிந்த நாளில் அளவு 0 என்று ஒரு வரி கட்டாயம் வர வேண்டும். வராத லாட்டைத் தொடாதீர்கள், 7 நாள் தொடர்ந்து வராவிட்டால் மட்டும் ஒருவர் கண்ணில் படும்படி எச்சரிக்கை வரட்டும். கோப்பின் கடைசியில் மொத்த வரி எண்ணிக்கையும் மொத்த எடையும் இருக்கட்டும். அவை பொருந்தாத கோப்பை ஏற்றவே வேண்டாம்.

ஒரே கோப்பு இரண்டு முறை ஏறுவதும் உண்டு. எஸ்.ஏ.பி.யில் ஐடாக் (வெளியிலிருந்து வரும் தகவல் கோப்பு) 51 என்ற பதிவாகாத நிலையில் நின்றால் பி.டி.87 திரையில் மறுபடி ஓட்டுவோம். அதற்குள் ஜாப் ஒர்க்கரும் பதறிப் போய்க் கோப்பை மறுபடி அனுப்பியிருப்பார். ஜாப் ஒர்க்கர், லாட், எண்ணிய நேரம் மூன்றும் ஒத்துப்போகும் வரி இரண்டாம் முறை வந்தால் தள்ளிவிடும்படி வையுங்கள்.

அறிகுறி: எண் பெருகியோ சுருங்கியோ வருகிறது, லாட் எண் தேதியாக மாறிவிட்டது

நிட்டிங்காரர் ரோலில் பேசுவார், சாயப்பட்டறை கிலோவில், பிரிண்டிங் யூனிட் வெட்டிய பீஸில். ரோல் என்பது அலகே ஆகாது. ஒவ்வொரு ரோலின் எடையும் வேறு. எண்ணிக்கை சரிபார்க்க ரோல், அளவுக்குக் கிலோ என்று இரண்டு பத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

கிலோவை மீட்டராக்கும் இடத்தில் ஆர்டர் ஜி.எஸ்.எம்.மை (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) போடாமல் வந்த துணியின் ஜி.எஸ்.எம்.மைப் போடுங்கள். 180 ஜி.எஸ்.எம்., 1.80 மீட்டர் அகலம் என்றால் ஒரு மீட்டர் 324 கிராம், 1,000 கிலோவுக்கு 3,086 மீட்டர். துணி 190 ஜி.எஸ்.எம்.மில் வந்துவிட்டால் ஒரு மீட்டர் 342 கிராம், கிடைப்பது 2,924 மீட்டர். எடை சரியாக இருந்தும் 162 மீட்டர் குறைகிறது. கட்டிங்கில் போய்த்தான் தெரியும் என்று விட்டுவிட்டால் அப்போது சாயம் போட நேரம் இருக்காது.

எக்செல் செய்யும் கேடுகள் தனி. 00412 என்ற பொருள் குறியீடு 412 ஆகும். 03-12 என்ற லாட் தேதியாகும். 12E5 என்ற லாட் 12 லட்சமாகும். 15 இலக்கத்துக்கு மேல் நீளும் எண்ணில் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகும். கோப்பைத் திறக்காமல் அனுப்பச் சொல்வது நடக்காத காரியம். வார்ப்புருவில் அந்தப் பத்திகளை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று அமைத்துக் கொடுங்கள். லாட் எண்ணை எல்.டி. போன்ற எழுத்துகளில் தொடங்கும்படி வையுங்கள்.

அறிகுறி: இருப்பு சரியாகத் தெரிகிறது, ஆனாலும் புதிதாக நூல் வாங்கச் சொல்கிறது

இது பல நேரம் பிழையே இல்லை. ஜாப் ஒர்க்கரிடம் உள்ள இருப்பை எஸ்.ஏ.பி.யின் எம்.டி.04 திரை (இருப்பும் தேவையும்) தனிப் பிரிவாகக் காட்டும். அது அந்த ஜாப் ஒர்க்கரின் தேவைக்கு மட்டும் கழியும், ஆலையின் பொதுத் தேவைக்குக் கழியாது. ஒரு யூனிட்டில் 400 கிலோ மிச்சம் இருப்பதால் இன்னொரு யூனிட்டின் தேவை தானாகக் குறையாது, குறையவும் கூடாது. வண்டி வைத்து எடுத்து வந்தால்தான் அது பயன்படும். எடுக்க முடிவு செய்தால் 542 போட்டுத் திருப்பி எடுங்கள், பிறகு பிளானிங்கை ஓட்டுங்கள்.

அப்படி இல்லாமல் அதே யூனிட்டின் தேவைக்கே கழியவில்லை என்றால் வெண்டார் குறியீட்டைப் பாருங்கள். ஒரே யூனிட் இரண்டு குறியீட்டில் பதிவாகியிருக்கும். உரிமையாளர் பெயர் மாறியபோதோ புது ஜி.எஸ்.டி. எண் வாங்கியபோதோ ஒன்று கூடியிருக்கும். நூல் பழைய குறியீட்டிலும் ஆர்டர் புதியதிலும் நின்றால் இரண்டும் சந்திக்கவே முடியாது.

அறிகுறி: மொத்தம் பொருந்துகிறது, லாட் பொருந்தவில்லை

ஒரு லாட்டில் +60, இன்னொன்றில் −60. மொத்தத்தைப் பார்ப்பவர் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் விளைவு மோசமானது. மெஷின் நிற்கக்கூடாது என்று ஒரு லாட்டின் நூலை இன்னொரு லாட்டுக்கு எடுத்துப் போட்டிருக்கிறார்கள். வேறு வேறு நூல் லாட் ஒரே துணியில் கலந்தால் கிரேயில் எதுவும் தெரியாது. சாயம் ஏறிய பிறகு துணியில் கோடு கோடாக நிற வேறுபாடு தெரியும், அந்தத் துணியைத் திரும்ப நூலாக்க முடியாது.

இந்தக் குறி தெரிந்த அன்றே, துணி சாயத்துக்குப் போகும் முன், அந்த ரோல்களைத் தனியே நிறுத்தச் சொல்லுங்கள். ரோல் டிக்கெட்டில் மெஷின் எண், நூல் லாட், ஷிஃப்ட் மூன்றும் இருந்தால் பிரிக்கலாம். நூல் பற்றாதபோது கேட்பதற்கு ஒரு தொலைபேசி எண்ணும், அதை இரவு ஷிஃப்டிலும் எடுக்க ஒரு ஆளும் வேண்டும். அது இல்லாத கம்பெனிக்குத்தான் லாட் கலந்த துணி வருகிறது.

அறிகுறி: தகவலே வருவதில்லை, வந்தாலும் 500, 1000 என்று முழு எண்ணாக வருகிறது

முழு எண் வந்தால் அது கண்ணால் பார்த்துச் சொன்ன எண். அவரைக் குறை சொல்லும் முன் அவர் நிலையைப் பாருங்கள். பத்துப் பதினைந்து கம்பெனிகளின் நூல் ஓடும் யூனிட்டில் கணக்குக்கு ஒரே ஆள். உங்கள் இணையதளத்தில் நுழைந்து கடவுச்சொல் கொடுத்து நிரப்பச் சொன்னால் மற்ற கம்பெனிகளுக்கும் அதேபோல நிரப்ப வேண்டும். சரியான எண் கொடுத்தால் அது டெபிட் நோட்டாகத் திரும்பி வருமோ என்ற பயமும் உண்டு.

நடைமுறையில் பலன் தருவன: உங்கள் சரக்கை மட்டும் கேளுங்கள், அவர் மெஷின் எத்தனை, யாருக்கு ஓடுகிறது என்று தோண்டாதீர்கள். அவர் ஏற்கெனவே எழுதும் டி.சி. புத்தகத்தையும் ரோல் எடைச் சீட்டையும் புகைப்படமாக வாங்கி உங்கள் ஆள் தட்டச்சு செய்யட்டும். முதல் மூன்று மாதம் இந்த எண்களை வைத்து எந்தப் பிடித்தமும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். பதிலுக்கு அடுத்த இரண்டு வார நிட்டிங் திட்டத்தை அவருக்கு அனுப்புங்கள். எந்த மெஷினை எப்போது காலி செய்வது என்று அவருக்குத் தெரிந்தால் உங்கள் கோப்புக்கு அவரே காத்திருப்பார்.

பெரிய சாயப்பட்டறைகளிடம் சொந்த மென்பொருள் இருக்கும். அங்கே எடிஃபாக்ட் முறையின் இன்வ்ரிப்ட், அமெரிக்க எக்ஸ்12 முறையின் 846 ஆகியவை இருப்பு அறிக்கைக்கென்றே உள்ள செய்தி வடிவங்கள். இல்லையென்றால் சி.எஸ்.வி. போதும். வடிவத்தைவிட மேலே சொன்ன பத்திகளே முக்கியம்.

அறிகுறி: ஐ.டி.சி.-04 எண்ணும் ஈ.ஆர்.பி. எண்ணும் வேறு வேறு

ஜாப் ஒர்க்குக்குப் போய் வந்த சரக்கைக் காட்டும் ஜி.எஸ்.டி. படிவமான ஐ.டி.சி.-04 டி.சி. வாரியாக நடக்கிறது, ஈ.ஆர்.பி. லாட் வாரியாக. அனுப்பிய டி.சி. எண்ணைத் திரும்பி வரும் டி.சி.யில் குறிக்காவிட்டால் எது எதற்கு எதிராக வந்தது என்று சேர்க்க முடியாது. அந்தப் படிவத்தில் இழப்பு, கழிவுக்குத் தனிப் பத்தி இருக்கிறது. மேலே சொன்ன 15.225 கிலோ அங்கே காட்டப்படாவிட்டால் சட்டத்தின் கண்ணிலும் அது ஜாப் ஒர்க்கரிடம் இருக்கும் நூல்தான்.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் என்றால் அந்தப் படிவத்தைத் தாக்கல் செய்வது அரையாண்டுக்கு ஒரு முறை: அக்டோபர் 25, ஏப்ரல் 25. அதற்குள் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் 25. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி உள்ளீட்டுச் சரக்கு 1 ஆண்டுக்குள் திரும்பி வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்கப்பட வேண்டும். ஆணையர் இதை இன்னும் 1 ஆண்டு நீட்டிக்கலாம். தவறினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்பட்டு வரியும் வட்டியும் வரும்.

வாரம் ஒரு முறை 270 நாள் தாண்டிய டி.சி.க்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதில் பலர் தவறுகிறார்கள்: உங்களிடமிருந்து போன நூலுக்கு அனுப்பிய நாள், மில்லிலிருந்து நேராக நிட்டிங்குக்குப் போன நூலுக்கு ஜாப் ஒர்க்கர் பெற்ற நாள். ஒரு ஜாப் ஒர்க்கரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் துணிக்கு டி.சி.யை நீங்களும் போடலாம், அனுப்பும் ஜாப் ஒர்க்கரும் போடலாம். அவர் போடும் வரிசை எண்கள் உங்கள் ஈ.ஆர்.பி.க்குத் தெரியாது என்பதால், அந்த எண்ணுக்குத் தனிப் பத்தி வைத்து 101 பதிவோடு சேர்த்து ஏற்றுங்கள்.

எதுவும் பொருந்தாதபோது: நேரில் போய் எண்ணுவது

ஷிஃப்ட் மாறும் 8 மணிக்கு ஒரு மணி நேரம் முன்பே போங்கள். அந்த நேரத்தில் வண்டி ஏற்றுவதையும் இறக்குவதையும் நிறுத்தச் சொல்லுங்கள், மெஷின் ஓடட்டும். முதலில் கடைசி வரவு டி.சி., கடைசி அனுப்பு டி.சி. இரண்டையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பிறகு உடைக்காத மூட்டைகளை எண்ணுங்கள், உடைத்தவற்றைத் தராசில் ஏற்றுங்கள், காலிக் கோன் எடையையும் மூட்டைச் சாக்கு எடையையும் கழியுங்கள். உங்கள் லாட் ஓடும் மெஷின்களை எண்ணி, க்ரீலில் உள்ளதைப் பாதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து அனுப்பாத ரோல்கள், கடைசியாகக் கழிவுச் சாக்கு. கழிவு நூலும் உங்கள் கணக்கில் வரும் சரக்குதான், அதை எடை போடாமல் வந்தால் கழிவு விகிதம் மறுபடி ஊகமாகவே நிற்கும்.

எண்ணிய தாளை அவர் கணக்காளர் எதிரிலேயே மூன்று பத்திக் கணக்கில் நிரப்புங்கள். வேறுபாட்டுக்குக் காரணம் எழுதாமல் 701, 702 (இருப்பைக் கூட்டவும் குறைக்கவும் போடும் சரிக்கட்டல் பதிவுகள்) போடாதீர்கள். காரணம் எழுத முடியாத கிலோக்களைத் தனி வரியில் விட்டு வையுங்கள். அடுத்த லாட்டிலும் அதே வரி அதே அளவில் வந்தால் தராசைச் சரிபார்க்க ஆளை அனுப்புங்கள்.